தொழிலாளர்களைக் கேட்காமலே சங்கத் தலைவர் ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியுமா?

கேள்வி கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். ஊதிய ஒப்பந்தப் பேச்சு மாதக்கணக்கில் நடக்கிறதாம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தலைவர்கள் வெளியே சொல்வதில்லை. போன தடவை கையெழுத்தான பிறகுதான் சரத்துகள் தெரிந்தனவாம். இது சட்டப்படி சரியா, தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். சட்டப்படி செல்லும். முதலில் இதை ஒத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். இந்த மாவட்டத்திலேயே ஒரு தனியார் நூற்பாலையில் வேலை பார்த்து, சங்கக் கமிட்டியிலும் இருந்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். "எங்ககிட்ட கேக்காம எப்படிப் போட்டீங்க" என்று வாயிலில் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டவர்களையும் தெரியும், கேட்கப்பட்டவர்களையும் தெரியும்.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. நிர்வாகமும் சங்கமும் தாங்களாகவே பேசி முடித்தால் அது 18(1). ஒப்பந்தம் போட்ட தரப்புகளை மட்டும்தான் அது கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் முடிந்தால் 12(3). எதிர்த்த சங்கத்துக்காரர், எந்தச் சங்கத்திலும் சேராதவர், நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவர் என்று எல்லாரையும் அது கட்டும். இரண்டிலுமே உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. 1976இல் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெரும்பான்மைச் சங்கம் தொழிலாளர் நலன் கருதி ஒப்பந்தம் போட்டால், அதன் விளைவு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒப்பந்தத்தை மொத்தமாக எடைபோட வேண்டும், சரத்து சரத்தாகப் பிய்த்துப் பார்க்கக் கூடாது. மோசடி, உள்நோக்கம், லஞ்சம் என்று நிரூபித்தால் மட்டுமே நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை உடைக்கலாம். நிரூபிப்பது உங்களால் ஆகிற காரியமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனாலும் வாயிலில் இன்னமும் "டுவெல்வ் த்ரீ" என்றுதான் பேச்சு. புதிய சட்டத்தில் 51 சதவீதத் தொழிலாளர்கள் உறுப்பினராக இருக்கும் சங்கம்தான் பேச்சு நடத்தும் ஒரே சங்கம். அப்படி ஒரு சங்கம் இல்லையென்றால், 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் ஒரு குழு அமையும். அதாவது பெரிய சங்கத்தின் தலைவர் கையெழுத்துக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. உறுப்பினர் வாக்கெடுப்பு இதிலும் இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் சரத்து என்னவென்று உறுப்பினர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புரியாத ஒன்றை யாராலும் எதிர்க்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

2018 ஜனவரி பஸ் வேலைநிறுத்தம் நினைவிருக்கும். பழைய அடிப்படைச் சம்பளத்தை எத்தனையால் பெருக்கிப் புதிய சம்பளம் போடுவது என்பதுதான் சண்டை. அந்தக் காரணி 2.44 என்றது அரசு, சங்கங்கள் 2.57 கேட்டன. சில சங்கங்கள் 2.44க்குக் கையெழுத்துப் போட்டன, மற்றவை ஜனவரி 4ஆம் தேதி சாயங்காலமே வண்டியை நிறுத்தின. 11ஆம் தேதி வரை நடந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்தது. பொங்கல் நேரம், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் பட்ட பாடு தனிக் கதை. அது வெற்றியா தோல்வியா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அந்த நாட்களில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் தகராறு என்ன என்று ஒரே மூச்சில் சொல்வார். ஒரே ஓர் எண்ணில் மொத்தச் சண்டையும் அடங்கியிருந்தது. யார் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் அதனால் எல்லாருக்கும் தெரிந்தது.

நூற்பாலை ஒப்பந்தம் அப்படி இருக்காது. "மாதம் 3,000 ரூபாய் உயர்வு" என்று நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3,000 நான்கு வருஷத்துக்குப் பிரித்து 1,200, 800, 500, 500 என்று வரும். முதல் மாதச் சம்பளத்தில் கூடுவது 1,200தான். அது அடிப்படைச் சம்பளத்தில் சேருகிறதா, இல்லை "சிறப்புப் படி" என்று தனியாக நிற்கிறதா? அடிப்படையில் சேர்ந்தால் பிஎஃப், ஓவர்டைம், பணிக்கொடை எல்லாம் கூடவே ஏறும். பணிக்கொடைக் கணக்கு 15/26, அதாவது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தாலும் பெருக்க வேண்டும். அடிப்படையில் 1,000 ரூபாய் ஏறினால் 26 வருஷ சர்வீஸ் உள்ளவருக்குப் பணிக்கொடையில் மட்டும் 15,000 கூடும். படியாக நின்றால் கைக்கு வருவதோடு சரி. (ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். அந்த வரம்புக்குள் படியை நிறுத்தத் தெரிந்த கணக்காளர்கள் எல்லா ஆலையிலும் உண்டு.) அப்புறம் பஞ்சப்படி. விலைவாசிப் புள்ளிக்கு இத்தனை பைசா என்று இருந்ததை நிலையான தொகையாக மாற்றிவிட்டால், இரண்டாம் வருஷத்திலிருந்து உயர்வு தேய ஆரம்பிக்கும். ஆனால் நோட்டீஸில் அதே 3,000தான் இருக்கும்.

இதையெல்லாம்விட ஆபத்து வேலைப்பளு சரத்து. எங்கள் ஆலையில் ஒரு தடவை அடிபட்டது அதில்தான். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "உற்பத்தித்திறன் மேம்பாட்டுக்குத் தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள்" என்று ஒரு வரி, அதற்கு ஓர் இணைப்புப் பட்டியல். சம்பளத்தைப் படித்தவர்கள் இணைப்பைப் படிக்கவில்லை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பக்கம் பெரிய மாற்றமில்லை. நூற்ற நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் ஓர் ஆள் பார்க்க வேண்டிய டிரம் (நூலைச் சுற்றும் உருளை) எண்ணிக்கை கூடிவிட்டது. வைண்டிங் முழுக்கப் பெண்கள். கமிட்டியில் ஒரு பெண்கூடக் கிடையாது. பேச்சு நடந்த அறைக்குள் வைண்டிங் மெஷினைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. புதிய கணக்கு அமலுக்கு வந்த வாரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த ஓர் அக்கா தலைவரிடம், "தோழர், ஆயிரத்து இருநூறு குடுத்தீங்க சரி, ஒன்னுக்குப் போற நேரத்த யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார். தலைவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை.

தலைவர் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் வெளியாள், வழக்கறிஞராகவோ கட்சிக்காரராகவோ இருப்பார். பல ஆலைகளுக்கும் அவரே தலைவர். தினமும் வாயிலுக்கு வர நேரம் இருக்காது. இன்று ஒரு தொகையை வெளியே சொன்னால் நாளை போட்டிச் சங்கம் அதைவிட 500 கூடக் கேட்டு போஸ்டர் ஒட்டும். எந்த இடத்தில் இறங்கி வருவோம் என்பது கசிந்தால் நிர்வாகம் அந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே பேச்சில் கொஞ்சம் ரகசியம் தேவைதான். ஆனால் ரகசியமாக இருக்க வேண்டியது நம்முடைய கடைசித் தொகை. நிர்வாகம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை மறைக்க எந்த நியாயமும் இல்லை. அது எதிர்த் தரப்புக்குத் தெரிந்த விஷயம், நமக்கு மட்டும்தான் தெரியாது.

வெளியாள் என்பதே குறை என்று சிலர் சொல்வார்கள். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் கர்நாடகத்திலிருந்து வந்தவர். சேரியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, 1961இல் சாகும்வரை இந்த மண்ணிலேயே இருந்தார். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம், 1948இல் மாயூரம் ஒப்பந்தம், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்த காலம் அது. அன்றைக்குக் கூலி நெல். எத்தனை படி, எத்தனை மரக்கால் என்று களத்திலேயே அளந்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் ஒப்பந்தத்தை மீறினால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அரைப்படி நெல் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1968 டிசம்பர் 25 வெண்மணியில் கூலித் தகராறில் 44 பேர் எரிக்கப்பட்டதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பட்டப்படிப்பு முடித்தவர்கள் வேலை பார்க்கும் ஆலையில் இன்று தன் ஒப்பந்தத்தைத் தானே சரிபார்க்க முடிகிறவர் எத்தனை பேர்?

வைண்டிங் விவகாரத்துக்குப் பிறகு எங்கள் ஆலையில் அடுத்த ஒப்பந்தத்துக்கு வேறு மாதிரி போனோம். கோரிக்கை சாசனம் கொடுப்பதற்கு முன்பே பேரவையை, அதாவது உறுப்பினர் எல்லாரும் சேரும் கூட்டத்தைக் கூட்டி, "பேரவை ஒப்புதல் இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை" என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றினோம். சட்டம் கொடுக்காத வாக்கை நாமே எழுதி வைத்துக்கொள்வதுதான் இது. நீதிமன்றத்தில் இது நிற்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் மினிட்ஸில் இருக்கிற தீர்மானத்தை மீறிய தலைவர் அடுத்த சங்கத் தேர்தலில் வாயிலுக்கு வர முடியாது, அது அவருக்கும் தெரியும். பேச்சுக் குழுவில் வைண்டிங்கிலிருந்து இரண்டு அக்காக்களைச் சேர்த்தோம். ஒவ்வொரு சுற்றும் முடிந்த அன்று நிர்வாகம் கேட்டது என்ன என்பதை மட்டும் வாயில் கூட்டத்தில் வாசித்தோம்.

முதலில் முணுமுணுத்தவர் தலைவர்தான். தன் கையைக் கட்டுகிறோம் என்று நினைத்தார். இரண்டு மூன்று சுற்று போன பிறகு அந்தத் தீர்மானத்தை அவரே எடுத்துப் பேச ஆரம்பித்தார். "எனக்கு இது ஓகே சார், ஆனா பேரவை ஒத்துக்காது" என்று மேஜையில் சொன்னால் நிர்வாகம் அவரிடம் தனியாகப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. வேலைப்பளு இணைப்பு இரண்டு முறை திருத்தப்பட்டது இப்படித்தான்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களும் நிறைய. வைண்டிங்கில் பழைய கணக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை. தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, அவர்களுக்கு வாக்கும் இல்லை.

அரியர்ஸ் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நம் பக்கத்து ஆலைக்காரர்களில் பாதிப் பேருக்கு மா கணக்கிலாவது நிலம் இருக்கும், இல்லையென்றால் குத்தகை. மேட்டூர் ஜூன் 12 திறந்தால் குறுவைச் செலவு, அப்புறம் சம்பா நடவுச் செலவு, பின்னாடியே தீபாவளி. நிர்வாகத்துக்கு இந்தக் காலண்டர் மனப்பாடம். மாதக்கணக்கில் இழுத்துவிட்டு, ஆள்கூலி கொடுக்கக் காசில்லாத வாரத்தில் "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தானால் அரியர்ஸ் ஒரே தவணை" என்பார்கள். தலைவர் மேல் அவசர அழுத்தம் அப்போது மேலே இருந்து வராது, உங்களிடமிருந்துதான் வரும். முடிந்தால் பேச்சு ஆரம்பிக்கும்போதே, எப்போது கையெழுத்தானாலும் உயர்வு பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஆலையில் பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால், இப்போதே பேரவை கூட்டக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் பேரவை கூட்டியாக வேண்டும் என்பது உங்கள் சங்கத் துணைவிதியில் இருக்கிறதா பாருங்கள். கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தே உறுப்பினருக்கு உண்டு, ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சைடர் (ரிங் ஃபிரேம் பார்ப்பவர்), டாஃபர் (நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுபவர்), வைண்டர், மெக்கானிக் என்று பிரிவுக்கு ஒருவரின் போன மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, புதிய ஒப்பந்தப்படி அது எப்படி இருக்கும், எத்தனை மெஷின் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கோபத்தில் எல்லாரும் ஒரே நாளில் லீவு போடுவது மட்டும் வேண்டாம். புதிய சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

ஒருவேளை நீங்கள் இதைப் படிப்பதற்குள் கையெழுத்தாகிவிட்டால், இணைப்புகளோடு முழு நகல் வாங்குங்கள். சங்கம் தராவிட்டால், சமரச அலுவலர் முன்னிலையில் போட்டதாக இருந்தால் தொழிலாளர் துறையிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நகல் வந்தால் இணைப்பிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். சம்பளப் பக்கம் எப்படியும் போர்டில் இருக்கும்.