எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா கம்ப்யூட்டரே போகணுமா?

கேள்வி: சார், ஏழு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின பிராண்டட் டெஸ்க்டாப், போன மாசம் கரண்ட் போய் வந்தப்போ எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் பாக்ஸ்) அவுட். ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கிட்டேன், இதோட கனெக்டரே வேற, சாதா எஸ்எம்பிஎஸ் போகாதுங்கிறாங்க. பொண்ணு இன்ஜினியரிங் சேர்றா, புதுசு வாங்கணும். ரெடிமேடாவும் இருக்கணும், நாளைக்கு ரிப்பேருக்கு இப்படி அலையவும் கூடாது. எப்படி பாத்து வாங்குறது?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: அம்மா, உங்க லெட்டர படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, ஒரு எஸ்எம்பிஎஸ்ஸுக்காக மொத்த மிஷினும் மூலையில கெடக்கணுமா? இனிமே கடைக்கு போனா ஐ5, 16 ஜிபின்னு வெளிய ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர அப்புறம் பாருங்க, முதல்ல சைடு பேனல கழட்டி காட்டச் சொல்லுங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து மதர்போர்டுக்கு 24 பின் உள்ள அகலமான கனெக்டர் போகுதா, போர்டு அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள இருக்கிற மைக்ரோ ஏடிஎக்ஸ் சைஸா, இந்த ரெண்டும் சரியா இருந்தா எஸ்எம்பிஎஸ், போர்டு, கேபினெட் எது போனாலும் பெரும்பாலும் எந்த கடையிலயும் மாத்திக்கலாம். சின்னதா 6 பின், 10 பின்னுன்னு தனி கனெக்டர் இருந்தா அது பெரும்பாலும் அந்த கம்பெனியோட சொந்த டிசைன், மறுபடியும் இதே அலைச்சல்தான்.

ரேம் ஸ்லாட் ரெண்டுதான்னா 16 ஜிபியும் ஒரே ஸ்டிக்கா போடச் சொல்லி பின்னாடி ரேம் கூட்டிக்க ஒண்ண காலியா விடுங்க. டிடிஆர்4 ரேமுக்கான போர்டுல டிடிஆர்5 ரேம் ஏறாது, அதையும் கேட்டுக்கோங்க. பொண்ணு பின்னாடி கிராபிக்ஸ் கார்டு கேப்பா, கார்டு சொருகுற ஸ்லாட் மூலமா 75 வாட் வரைக்கும்தான் கரண்ட் வரும், அதுக்கு மேல இழுக்கிற கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ல தனி கேபிள் இருக்கணும். ஸ்லிம் கேபினெட்ல அரை உயர கார்டுதான் போகும், மானிட்டருக்குள்ளயே எல்லாம் அடங்கின ஆல் இன் ஒன் பக்கம் போகவே வேண்டாம்.

ஆபீஸ்ல ஓடின டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் டவர் செகண்ட்ஸ்ல கிடைக்குது, ஸ்க்ரூடிரைவரே அதிகம் தேவைப்படாம கழட்டலாம், சர்வீஸ் மேனுவலும் கம்பெனி சைட்லயே ஃப்ரீயா இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச மிஷின்கள், ஆனா பல மாடல்ல எஸ்எம்பிஎஸ் தனி டிசைன்தான், உங்களுக்கு அதுலதானே அடி. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11 ஓடணும், அதனால இன்டெல் பிராசஸர்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ எடுக்காதீங்க.

உங்களுக்கு நான் சொல்றது, கடைக்காரங்களே அசெம்பிள் பண்ணி வெச்சிருக்கிற டவர். பில்லுல ஒவ்வொரு பார்ட்டும் சீரியல் நம்பரோட தனித்தனியா வரணும், ரேம் மாத்த நாமளே திறந்தா வாரண்டி போகுமான்னு கேட்டு அதையும் எழுதி வாங்கிடுங்க.

பழைய மிஷினுக்கும் 24 பின்ன அந்த சின்ன கனெக்டரா மாத்துற அடாப்டர் கேபிள் இருக்கலாம், ஆனா உங்க மாடலுக்கே உள்ளதான்னு பாத்துதான் வாங்கணும், பின் வரிசை மாறினா போர்டே புகைஞ்சிடும். அது அமையலன்னாலும் எடைக்கு போட்றாதீங்கம்மா, ஏழு வருஷ போட்டோ எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்லதானே இருக்கு, அத கழட்டி புது டவர்ல சாட்டா கேபிள்ல மாட்டித் தரச் சொல்லுங்க.