7 பேர்ச் காணிக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி சரிவருமா?

கேள்வி: தோட்டத்தில் 7 பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்து லயத்திலிருந்து இங்கே வந்துவிட்டோம். எங்கள் ஜிம்மி மூன்று வயது ஆண் நாய், நாட்டு நாய்தான். பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்துகிறான், கொழுந்து மலைக்குள் ஓடிவிடுகிறான். கங்காணி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். நாள் முழுக்கக் கட்டிப்போட மனம் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, கண்ணுக்குத் தெரியாத கரண்ட் வேலி ஒன்று அனுப்புகிறேன் என்கிறான். கீழ் டிவிசனில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிப் போனதிலிருந்து பயமாகவும் இருக்கிறது. இந்த வேலியைப் போடலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அன்புச் சகோதரி, போட வேண்டாம். தம்பி பாசத்தில்தான் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் அவர் அங்கே பார்க்கும் வளவு வேறு, உங்கள் வளவு வேறு.

கரண்ட் வேலி என்றதும் நமக்கு யானை வேலிதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. வளவைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியைச் சில அங்குல ஆழத்தில் புதைத்து, வீட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியில் இணைப்பார்கள். கம்பியில் ஓடுவது வெறும் ரேடியோ சமிக்ஞை. அதைத் தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதிர்ச்சி கொடுப்பது நாயின் கழுத்துப்பட்டி. அதில் ஒரு பெட்டரியும், தோலில் படும் இரண்டு உலோக முனைகளும் இருக்கும். நாய் கம்பியை நெருங்கினால் முதலில் பீப் சத்தம் வரும். இன்னும் நெருங்கினால் ஷொக். அமெரிக்காவில் 1970களில் வந்த கண்டுபிடிப்பு இது. பெரிய புல்வெளியும் நிதானமான நாயும் இருந்து, முதல் இரண்டு வாரமாவது கயிற்றில் பிடித்து எல்லையைப் பழக்கினால், பல வீடுகளில் வேலை செய்கிறது. ஆனால் வேல்ஸ் நாட்டில் 2010இலிருந்து நாய்க்கும் பூனைக்கும் ஷொக் கொடுக்கும் பட்டிகளுக்குத் தடை. இந்த வேலிப் பட்டியும் அந்தத் தடைக்குள் வருகிறது.

இப்போது உங்கள் வளவுக்கு வருவோம். 7 பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீட்டர். சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 13 மீட்டர் சொச்சம். எச்சரிக்கைச் சத்தம் கேட்கும் பகுதி நான்கு பக்கமும் ஒன்றரை மீட்டர் உள்ளே வந்தாலே மிச்சம் 10 மீட்டருக்கு 10 மீட்டர்தான். அதன் நடுவில் 550 சதுர அடி வீடு. ஜிம்மிக்கு மிஞ்சுவது சுவரை ஒட்டிய ஒரு ஒடுக்கமான துண்டு. குசினிக் கதவைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கழுத்தில் பீப் கேட்கும். போதாததற்கு, புதைத்த கம்பிக்கு அருகிலே வீட்டு மின்கம்பி சேர்ந்து ஓடினால் சமிக்ஞை அதிலும் தாவும். நாய் எல்லையைத் தொடாமலே வீட்டுக்குள் ஷொக் வாங்கும். எங்கே நிற்பது, எங்கே படுப்பது என்று தெரியாமல் அது பயந்து சாகும்.

நீங்கள் பயப்படும் சிறுத்தைக்கோ இந்த வேலி ஒரு பொருட்டே இல்லை. அதன் கழுத்தில் பட்டி இல்லையே. காட்டுப்பன்றியும் தெருநாயும் தாராளமாக உள்ளே வரும். வருவது விசர் பிடித்த நாயாக இருந்தால் ஜிம்மி ஓடித் தப்பக்கூட எல்லை விடாது. சமவெளி நகரத்தில் நாய் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்று சொல்லலாம். மலைநாட்டில் உள்ளே எது வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இன்னொன்றையும் யோசியுங்கள். எதிரே பன்றி ஓடினால், அல்லது பக்கத்தில் பெட்டை நாய் பருவத்தில் இருந்தால், ஆண் நாய் அந்த ஒரு நொடி ஷொக்கைத் தாங்கிக்கொண்டு பாய்ந்துவிடும். வெறி அடங்கித் திரும்பி வரும்போது அதே ஷொக் எல்லையில் காத்திருக்கும். வீட்டுக்கு வர அஞ்சி வெளியிலேயே நிற்கும். வெளியில் நிற்கும் இரவுதான் சிறுத்தைக்குத் தோது. மரக்கறித் தோட்ட ஓரங்களில் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளும் இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படிப்பட்ட கண்ணியில் கழுத்து மாட்டி, மீட்டெடுத்தும் சில நாளில் செத்துப்போனது. அதே கண்ணி நாயின் கழுத்தையும் இறுக்கும். பன்றிக்காக வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுப்பவர்களைப் பார்த்து, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அது சட்டவிரோதம், ஆளையே கொல்லும்.

ஷொக் பட்ட நேரத்தில் எதிரில் எது தெரிகிறதோ அதுதான் தன்னைக் கடித்தது என்று நாய் முடிவு செய்யக்கூடும். உங்கள் வளவின் ஓரத்தில் கொழுந்துக் கூடையோடு போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தானே தெரிவார்கள்? இந்த வேலிக்குள் வைத்திருந்த நாய்கள் மனிதரைக் கடித்த சம்பவங்களை வைத்து 2000ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. கங்காணியின் முறைப்பாடு அப்போது கோழியோடு நிற்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அடெப்டராக இருந்தால், அப்படியே செருகினால் கருகிவிடும். கான் (வடிகால்) வெட்டும்போது மண்வெட்டி பட்டால் கம்பி அறுந்துவிடும். பின்னேர இடிமழை மின்னலுக்கு அந்தப் பெட்டி தாங்காது. ஈரக் குளிரில் பட்டியைக் கழற்றாமல் வைத்தால் முனை படும் இடத்தில் தோல் அழுகிப் புண்ணாகும். தயாரிப்பாளர்களே தினமும் பல மணி நேரம் கழற்றி வைக்கத்தான் சொல்கிறார்கள்.

சரி, அப்புறம் என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியும் வேலியே போடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஐந்தடி உயரக் கம்பி வலையை மரக்கட்டை நட்டு இழுத்துக் கட்டுங்கள். உங்கள் வளவு சரிவில் இருந்தால் பள்ளப் பக்கத்து வேலியை இன்னும் உயர்த்த வேண்டும். நாய் மேட்டில் நின்று பாயும்போது ஐந்தடி அதற்கு மூன்றடி மாதிரித்தான். வலையின் அடியை ஓர் அடி உள்பக்கமாக மடக்கி, தரையோடு படுக்கவைத்துக் கல் அடுக்குங்கள். ஜிம்மி தோண்டத் தொடங்கும் இடத்தில் காலுக்குக் கீழே வலைதான் இருக்கும். பெருமழைக்குப் பிறகு ஒரு சுற்று நடந்து, மண் கரைந்து பொந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க அடைக்கக் காசு போதவில்லை என்றால் வீட்டின் பின்பக்கம் மட்டும் அடையுங்கள், பகலுக்கு அது போதும்.

இந்த வேலியும் சிறுத்தையைத் தடுக்காது, ஏறிக் குதித்துவிடும். அதனால் பொழுது சாய்ந்ததும் ஜிம்மி குசினிக்குள், அல்லது கூரையும் கதவும் உள்ள உறுதியான கூட்டுக்குள். இரவில் வெளியே கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. சாப்பாட்டுத் தட்டையும் மிச்சத்தையும் வெளியே விடாதீர்கள்.

காலையில் நன்றாக விடிந்த பிறகு, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் கயிற்றில் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்துங்கள். அலைந்து திரும்பிய நாய் வளவில் படுத்துத் தூங்கும். இதைவிட முக்கியம் கருத்தடைச் சத்திரசிகிச்சை. மூன்று வயது ஆண் நாய் மலைக்குள் ஓடுவதற்குப் பெட்டை நாயின் வாசம் ஒரு பெரிய காரணம். சிகிச்சைக்குப் பிறகு பல நாய்களுக்கு இந்த அலைச்சல் குறைகிறது. அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் திகதி கேளுங்கள்.

தம்பி இன்னும் பார்சல் போடவில்லை என்றால் அந்தக் காசை வலைக்கு அனுப்பச் சொல்லுங்கள், சந்தோஷமாக அனுப்புவார். ஜிம்மிக்கு இந்த வருஷ விசர் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால் கருத்தடைத் திகதி வரும்வரை காத்திருக்காமல் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.