வாழைப்பழத்துக்கு வாயும் ரப்பர் கையுறைக்குக் கையும் அரிப்பது, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததாலா?

நீங்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையில் கையுறையோடு வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கார்பைடு கெடுதல்தான், அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் சேர்ந்து அரித்தால் முதலில் ரப்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற கட்டுமானப் பொருள் இருக்கிறது. அதைப் பிடித்துப் பூஞ்சையை அடக்க ரப்பர் மரம் தன் பாலில் ஹெவின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. 43 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். வாழை, அவகாடோ இவற்றில் கைட்டினை உடைக்கும் கைட்டினேஸ் நொதியில் ஏறக்குறைய அதே துண்டு ஒட்டியிருக்கிறது. கையுறையால் ஹெவினைப் பகையாகப் பழகிய உடம்பு, பழத்திலும் அதையே கண்டு பாய்கிறது. கொல்லையில் தானாகப் பழுத்த பூவனிலும் இது உண்டு. சூட்டில் குலையும் என்பதால் வாழைக்காய்ப் பொரியல் பலருக்கு ஒத்துக்கொள்ளும். அதற்காக வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கொட்டகையில் கை அரிக்க இன்னொரு காரணமும் உண்டு: முந்திரி ஓட்டு எண்ணெயில் உள்ள கார்டால் என்ற பொருள். அது புரதமே அல்ல. நேரத்தைக் குறித்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கையுறை போட்ட அரை மணிக்குள் தடித்துச் சில மணியில் அடங்கினால் ரப்பர்ப் புரதம். ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வந்தால் ஓட்டு எண்ணெய் அல்லது கையுறையில் சேர்த்த ரசாயனம்.

ரப்பர் மரப்பால் சேராத, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள். பவுடர், ரப்பர்ப் புரதத்தைக் காற்றில் ஏற்றி மூச்சுக்குள் கொண்டுபோகும். ரப்பர் கையுறைக்குள்ளே தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் இளகிக் கிழியும், ஓட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ஊசிக்குத்துத் தோல் சோதனைக்குப் போனால் செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் முடிவு பொய்யாகும். பழத்தைப் புதிதாகக் கொண்டுபோங்கள், சோதனைக்கென்று புட்டியில் வரும் பழச்சாற்றில் இந்தப் புரதம் கெட்டுப்போயிருக்கலாம். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷன் என்றாலும் ரப்பர் ஒவ்வாமையை முதலிலேயே சொல்லுங்கள்.

முந்திரிப் பருப்பின் புரதம் வேறு வகை, வறுத்தாலும் அசையாது. குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றும் ஓட்டல்கள் பலகையில் 'முந்திரி உண்டு' என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு போகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

தொண்டை இறுகி, குரல் கரகரத்து, தலை சுற்றினால் செட்ரிசின் போட்டுக் காத்திருக்காதீர்கள். தேவை தொடையில் அட்ரினலின் ஊசி. படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்க விடக்கூடாது.