வங்கி ‘கிரெடிட்’ என்கிறது, கொப்பி ‘வரவு’ என்கிறது

கேள்வி: அம்மா பரந்தனில் சின்ன உரக்கடை வைத்திருக்கிறார், கணக்கு எழுதுவது நான். வங்கியில் காசு போட்டால் போனுக்கு ‘கிரெடிட்’ என்று செய்தி வருகிறது. சாதாரண தரத்தில் படித்தது, காசு கூடினால் வரவு, அதாவது டெபிட். யூடியூப்பிலோ கிரெடிட்தான் வரவு என்கிறார்கள். எது சரி?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: மூன்றும் சரி தங்கச்சி.

யூடியூப்பை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பார்த்தது தமிழ்நாட்டு வீடியோவாக இருக்கும். அங்கே டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. நம் பாடப்புத்தகத்தில் டெபிட்தான் வரவு, கிரெடிட் செலவு. ஆகவே அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது டெபிட், கிரெடிட் என்ற சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல்லைக் காதில் போடாதீர்கள்.

வங்கிச் செய்தி வருவது வங்கியின் புத்தகத்திலிருந்து. அம்மா 10,000 ரூபாய் போட்டால் உங்கள் கொப்பியில் வங்கிக் கணக்கு வரவு, காசுக் கணக்கு செலவு. வங்கிக்கு அது அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு, அதாவது பொறுப்பு. பொறுப்பு கூடினால் கிரெடிட். அவ்வளவுதான்.

உண்மையில் ஆட்களைக் குழப்புவது ‘வரவு’, ‘செலவு’ என்ற சொற்கள்தான், ஏனென்றால் வீட்டில் நாம் வேறு அர்த்தத்தில் அவற்றைப் பேசுகிறோம். கணக்கில் வரவு என்றால் இடப்பக்கம், செலவு என்றால் வலப்பக்கம், வேறொன்றும் இல்லை. கடைக்கு 2,500 ரூபாய் கரண்ட் பில் கட்டினால் மின்சாரக் கணக்கில் அது வரவுப் பக்கம்தான் போகும்! கையை விட்டுப் போன காசை எப்படி வரவில் எழுதுவது என்று கை தயங்கும், பரவாயில்லை, எழுதுங்கள். சொத்தும் செலவினமும் கூடினால் இடம். பொறுப்பு, மூலதனம், வருமானம் கூடினால் வலம். குறைந்தால் மாறிப் போகும்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். காலபோகத்துக்கு விதைத்த ஒருவர், வெட்டு முடியத் தாறன் என்று 20,000 ரூபாய்க்கு யூரியா எடுத்துப் போகிறார். லாச்சியில் ஒரு சதம் விழவில்லை, ஆனாலும் அன்றைக்கே எழுதவேண்டும்: அவர் பெயரில் வரவு 20,000, விற்பனைக் கணக்கில் செலவு 20,000. கடன் கொப்பியில் பெயரும் தொகையும் மட்டும் எழுதினால் பாதிப் பதிவுதான். வெட்டு முடிந்து அவர் 12,000 கொண்டு வந்தால் காசு வரவு, அவர் கணக்கு செலவு, 8,000 நிற்கும். அந்த 12,000ஐ மறுபடி விற்பனையில் போட்டுவிடாதீர்கள், கடன் கொடுக்கும் கடைகளில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான், விற்காத உரத்தை விற்றதாகக் கணக்கு சொல்லும்.

அப்புறம், அம்மா லாச்சியிலிருந்து 1,500 எடுத்து வீட்டுக்கு மீன் வாங்கினால் அது கடைச் செலவு அல்ல. நம் பாடத்தில் அதற்குப் பெயர் பற்று (பார்த்தீர்களா, தமிழ்நாட்டில் டெபிட்டுக்கு உள்ள அதே சொல்). பற்றுக் கணக்கு வரவு, காசுக் கணக்கு செலவு. அம்மாவிடம் சொல்லி, எடுத்த உடனே ஒரு துண்டில் குறித்து லாச்சிக்குள் போடச் சொல்லுங்கள். பின்னேரம் எண்ணும்போது காசு குறைந்தால் முதலில் அந்தத் துண்டுகளைத் தேடுங்கள்.