மழை பிடித்தால் வீட்டுக்காரர் தூங்குவதில்லை

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் மண் சரிந்து பின்னாலிருந்த லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மூடிப்போனது. என் வீட்டுக்காரரும் மண்ணைத் தோண்டி ஆட்களை எடுத்தார். இப்போது மழை பிடித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போவதே இல்லை. கனவில் கத்துகிறார், குடியும் கூடிவிட்டது. காத்துக்கருப்பு என்று நூல் கட்டியும் பலனில்லை. தூக்க மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, ஹல்துமுல்ல

பதில்: தூக்க மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். கெட்ட கனவு, அந்த இடத்தைத் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனவடு நோயாக இருக்கலாம். வைத்தியர்கள் பிடிஎஸ்டி என்பார்கள். பைத்தியமுமல்ல, பேயுமல்ல.

மருந்தெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவான ஓபிடியில்தான். "தலைவலி, தூக்கமில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பனடோலோடு வீடு திரும்புவார்கள். மண்சரிவைச் சொல்லுங்கள், மனநலக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பதுளை பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிரிவு உண்டு, காசில்லை. வாரத்தில் எத்தனை இரவு தூங்கவில்லை, எவ்வளவு குடிக்கிறார் என்று கொப்பியில் குறித்துப் போங்கள். சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வரட்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அது கேட்க வேண்டிய கதையல்ல.

முதல் சிகிச்சை பேச்சுதான். வாரமொரு தடவை, பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, அந்த நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ளப் பழக்குவார்கள். செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் கொடுக்கலாம். அது பிடிக்கச் சில வாரமாகும். பத்து நாளில் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் சட்டென்று நிறுத்தக்கூடாது. தினமும் நிறையக் குடிப்பவரென்றால் குடியையும் திடீரென நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். வைத்தியரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.

இரவில் பதறி எழுந்தால் பின்னாலிருந்து தொடாதீர்கள். லைட்டைப் போட்டு, முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இது நம்ம வீடு, நான்தான்" என்று சொல்லிக் காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். நடந்ததைக் கிண்டிக் கேட்க வேண்டாம்.

ஒன்று: மழைக்குப் பயப்படுவதெல்லாம் நோயல்ல. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் இறங்கியது 2014 ஒக்டோபர் 29, அடைமழையில்தான். எச்சரிக்கை விடுத்தாலோ சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்புக் கண்டாலோ, அவர் சொல்வதைக் கேட்டு வெளியேறுங்கள்.

சாகப்போவதாகப் பேசினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். மரக்கறிக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், தனியே விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு இரவிலும் அழைக்கலாம்.