சாயக் கழிவுநீர்த் தொட்டியில் நொதித் தூள் போடலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில் சிறிய சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகிறோம். நொதித் தூள் விற்க வந்த ஒருவர், கழிவுநீர்த் தொட்டியில் இதைப் போட்டால் ஒரே இரவில் நிறம் போய்விடும், வேறு சுத்திகரிப்பே தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நொதிகள் சாயத்தை உடைக்கும் என்பது உண்மை. மரத்தை மட்கச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள் சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே பீனால்களையும் பல சாயங்களையும் சிதைக்கும். பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு துணை வேண்டும். அதன் அளவு கூடினால் நொதியே கெட்டுப்போகும்.

ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பது என்ன தண்ணீர்? சாயம் நூலைப் பிடிக்க உப்பும் சோடா ஆஷும் கொட்டுகிறீர்கள். அந்த நீரின் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் காரம்) 10, 11 வரை போகும். பூஞ்சை லாக்கேஸுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான் பிடிக்கும். போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு பல லாக்கேஸ்களை முடக்கிவிடும். கந்தக அமிலம் ஊற்றிக் காரத்தைக் குறைத்தால் அது சோடாவுடன் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகி, உப்பு இன்னும் ஏறும்.

என் பெரிய கவலை வேறு. ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பால்தான் அவற்றுக்கு நிறம். அசோரிடக்டேஸ் நொதியோ அதைச் சுரக்கும் பாக்டீரியாவோ அந்தப் பிணைப்பை வெட்டியதும் தண்ணீர் தெளிந்துவிடும். வெட்டுப்பட்ட துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களாக அதே தண்ணீரில் கிடக்கும். எந்தச் சாயம் என்பதைப் பொறுத்து, அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. சிவப்பாக ஓடும் சாக்கடையைப் பார்த்தால் ஊரே சத்தம் போடும். தெளிந்த நஞ்சை யாரும் தடுக்க மாட்டார்கள். அது வைகையிலோ கிருதுமாலிலோ கலந்து கண்மாய்க்குப் போய், மாடு குடிக்கும், வயலுக்குப் பாயும். ஆகவே நிறம் போன பின்னும், அந்த அமீன்களை நுண்ணுயிர்கள் சிதைக்கக் காற்றூட்டிய உயிரியல் தொட்டி கட்டாயம் வேண்டும்.

உப்பை எந்த நொதியும் தொடாது. லிட்டருக்கு 50 கிராம் உப்பு போட்டால் அது 50,000 மில்லிகிராம். ஆற்றில் விட அனுமதிக்கப்படும் கரைந்த திடப்பொருள் அளவோ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சாயத் தொட்டி நீரையும் அலசிய நீரையும் கலக்காமல் தனித்தனியே பிடியுங்கள். அலசிய நீரை ஆர்.ஓ. மூலம் மீட்கலாம், உப்பு நீரை ஆவியாக்க வேண்டும். தனியாகச் செலவு தாங்காது என்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்வதுதான் வழி.

தூளைச் சோதித்தே பார்க்க விரும்பினால் மூன்று கண்ணாடி ஜாடிகளில் உங்கள் கழிவுநீரையே எடுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். இரண்டாவதில் தூளைக் கரைத்து ஊற்றுங்கள். மூன்றாவதில், அதே கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். பெரும்பாலான நொதிகள் கொதியில் செத்துவிடும். மூன்றாவது ஜாடியிலும் நிறம் போனால் வேலை செய்தது நொதி அல்ல. ப்ளீச்சிங் பவுடர் கலந்திருக்கலாம், அல்லது சாயம் தூளில் ஒட்டி அடியில் தங்கியிருக்கலாம். இரண்டாவது ஜாடி மட்டும் தெளிந்தால், அந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி சி.ஓ.டி. அளவையும் (நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு) அமீன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நொதிக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்றால் கேட்டலேஸ் வாங்குங்கள். பெராக்சைடு போட்டு நூலை வெளுத்த பிறகு, மிச்சப் பெராக்சைடைப் போக்கத் திரும்பத் திரும்ப அலசுகிறோம் அல்லவா? கேட்டலேஸ் அதை அங்கேயே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். பி.எச். 7-க்கு அருகில், கை பொறுக்கும் சூட்டில் போட்டால் போதும். அலசும் தண்ணீர் குறையும், அடுத்து ஏற்றும் சாயமும் சீராகப் பிடிக்கும்.