வலையில் சாகும் ஓங்கில்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்க் கரையில் ஒரு ஓங்கில் (டால்பின்) செத்து ஒதுங்கியது. நீள மூக்கு. மூக்கைச் சுற்றி நூலால் அறுத்ததுபோல மெல்லிய கோடுகள். ஒரு பக்கத் துடுப்பு கத்தியால் நறுக்கியதுபோல் இல்லாமல் போயிருந்தது. வனத்துறையினர் வந்து புதைத்தார்கள். உயிரினங்களின் அழியும் ஆபத்தைத் தரம்பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலைப் பார்த்தால் இந்த வகைக்கு ஆபத்து குறைவு என்கிறது. நம் சட்டத்திலோ புலிக்கு நிகரான பாதுகாப்பு. எது உண்மை? தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியதும் இதே காரணத்தாலா? இன்னொன்று: என் அப்பா இன்றும் சூரை மீனுக்கு (டூனா) வழிவலை, அதாவது நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை, ஏற்றிப் போகிறவர். அவரைக் குற்றவாளி என்பீர்களா?

சகாயம், குளச்சல்

அன்புள்ள சகாயம்,

உங்கள் அப்பா குற்றவாளி இல்லை. மற்ற எதையும் விட முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நீள மூக்கு என்பதால் அது ஸ்பின்னர் டால்பினாக இருக்கலாம். நம் ஆழ்கடலில் மிகுதியாகத் தென்படும் வகை அது. மூக்கில் நீங்கள் பார்த்த கோடுகள் நைலான் வலையின் தடம். துடுப்பை மீன் கடித்திருந்தால் ஓரம் பிய்ந்திருக்கும். நறுக்கென்று போயிருந்தால் பெரும்பாலும் மனிதக் கை. செத்த ஓங்கில் வலையில் சுற்றிக்கொண்டால் வலையை அறுப்பதா, துடுப்பை அறுப்பதா என்ற நிலை வரும். வலை விற்கிற விலையில் யாரும் துடுப்பைத்தான் அறுப்பார்கள். சாயங்காலம் விட்ட வலையை விடியும் முன் இழுத்தெடுக்கிறார்கள். சூரைக்கூட்டத்தோடு சேர்ந்து இரைதேடும் ஓங்கில் நடுவில் எப்போதோ சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகிறது. வலையை இழுக்கும்போதுதான் படகில் இருப்பவருக்கே தெரியும்.

சிவப்புப் பட்டியல் பொய் சொல்லவில்லை. அது உலகம் முழுவதற்குமான கணக்கு. பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் இருப்பவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு தரம் போடுகிறது. நம் கடலை மட்டும் பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளைப் பற்றி 2020-இல் வந்த ஓர் ஆய்வு, 1950 முதல் 2018 வரை சிறு திமிங்கலங்களும் ஓங்கில்களுமாகச் சுமார் 41 லட்சம் இந்த வலைகளில் சிக்கியிருக்கும் என்று மதிப்பிட்டது. 1980-க்கு முன் இருந்ததில் சராசரியாக 13 சதவீதம்தான் மிஞ்சியிருக்கலாம் என்றும் சொன்னது. இது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனால் எண்ணிப் பார்த்த கணக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அதில் நம் சட்டத்துக்கும் பங்குண்டு.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் நம் திமிங்கலங்கள், ஓங்கில்கள் எல்லாம் இருக்கின்றன. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வேட்டைக்காரனை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. தற்செயலாக வலையில் சிக்கியதைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினால் வழக்கு வருமோ என்று பயந்து, மீனவர் அதை ராத்திரியோடு ராத்திரியாகக் கடலிலேயே விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கரைக்கு ஒதுங்குவது அவற்றில் மிகச் சிறு பங்குதான்.

ஆற்றில் இப்படி இல்லை. கங்கை டால்பினை 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். எட்டு மாநிலங்களில் 8,500 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் படகோட்டி எண்ணினார்கள். 2025-இல் வெளியான கணக்கு, சிந்து டால்பினையும் சேர்த்து 6,327. கடலுக்கு அப்படியொரு எண் நம்மிடம் இல்லை. கரையோரம் ஆழம் குறைந்த நீரிலேயே வாழும் கூனல் முதுகு ஓங்கிலின் நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2017-இலிருந்து அது அழியும் ஆபத்திலுள்ள இனம். அது வாழும் நீரில்தான் நாட்டுப்படகுகளின் வலைகளும் நெருக்கமாகக் கிடக்கின்றன.

மணப்பாடு வேறு கதை. 2016 ஜனவரியில் ஒதுங்கியவை பைலட் திமிங்கலங்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம். சில வழிதவறினால் மற்றவையும் பின்னால் வந்துவிடும். 1973-இலும் அதே கடற்கரைப் பகுதியில் 147 ஒதுங்கின. அதை வலையோடு சேர்க்க முடியாது.

வலைக்கு வழி இருக்கிறது. மகாராஷ்டிர அரசு, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. குஜராத்தில் இதேபோன்ற ஏற்பாட்டால் வலையில் மாட்டிய திமிங்கலச் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் உயிரோடு கடலுக்குத் திரும்பின. பாகிஸ்தானில் வழிவலையை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தார்கள். ஓங்கில் சாவு பெருமளவு குறைந்தது. சூரையும் கொஞ்சம் குறைந்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்த நஷ்டத்தை மீனவர் தலையில் கட்டாமல் அரசு ஏற்க வேண்டும் என்பதே என் வாதம். இறந்ததைக் கொண்டுவந்து காட்டுபவர்மேல் வழக்கு இல்லை என்று எழுத்தில் ஓர் உத்தரவும் வேண்டும்.

அடுத்த முறை ஒன்று ஒதுங்கினால், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து மூக்கு, துடுப்பு, வால் மூன்றையும் படமெடுங்கள். தொட வேண்டாம். தேதியும் இடமும் எழுதிவையுங்கள். இரண்டு மீட்டர் கீழே கட்டுவதைப் பற்றி அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் பக்கத்து நீரோட்டத்துக்கு அது சரிப்படுமா என்று அவருக்குத்தான் தெரியும்.